சவாரியும் அழகும்

ஓடிக் களைத்த வாகனத்தைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு வேறொன்று வாங்குவதா என்பது கேட்ட மாத்திரத்தில் வெறும் பணக் கணக்காகவே தோன்றும். இயந்திரம் அறிந்தவர் ஒருவரும் கணக்கு அறிந்தவர் ஒருவரும் கூடி அமர்ந்தால் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவ்வாகனத்தை ஓட்டியவர் மறைந்து, அது வாரிசுகளின் கைக்கு வந்துவிட்டால், அதே கேள்வி பாசத்தையும் நீதியையும் மார்க்கத்தையும் ஒருங்கே தொட்டு நிற்கிறது. அத்தகைய கேள்வி ஒன்று நம் இல்லத்தில் எழுந்தது. அதைக் குறித்து நாம் எண்ணியவற்றை வாசக நேயர்களின் முன் வைப்பது பயனுடையதாகும் என நம்புகிறோம். கார் இல்லாத வீடுகளிலும் இக்கேள்வி ஒரு பழைய வீடாகவோ கடையாகவோ வேறு உருவில் வந்தே தீரும் அன்றோ?

நம் தந்தையார் விட்டுச் சென்றது 1964 ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். இரண்டே கதவுகள், தாழ்ந்த இருக்கைகள், 948 சி.சி. எஞ்சின், குதிரைச் சக்தியோ முப்பத்தைந்து அளவே. இதையா ஸ்போர்ட்ஸ் கார் என்கிறீர்கள் என்று இன்றைய இளைஞர் நகைக்கக்கூடும். அந்நாளைய நிலையை அறிந்தவர்கள் நகைக்கமாட்டார்கள். உரிமமும் ஒதுக்கீடும் ஆண்ட காலத்தில் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்னும் மூன்றே கார்கள் பெரும்பாலும் கண்ணில் பட்டன. அவற்றுக்கும் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அம்மூன்றனுள் ஓட்டுபவரின் உவகைக்கென அமைந்தது ஹெரால்டு ஒன்றே எனலாம். இத்தாலிய கார் வடிவமைப்புக் கலைஞர் ஜொவான்னி மிக்கெலொத்தி அதன் உருவை வரைந்தார். இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் அது 1959 இல் வெளிவந்தது. அதன் அடிச்சட்டத்தையே குறுக்கி, 1962 இல் ஸ்பிட்பயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை அதே நிறுவனம் செய்தது. ஆகவே நம் வீட்டுக் கார் ஸ்போர்ட்ஸ் கார் அன்று என்பாரும், அது ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு என்பதை மறுக்க இயலாது. இருபத்தைந்தடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். முகப்பு முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று நான்கு பேர் ஒரே வேளையில் வேலை பார்க்கலாம். சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுபாதையில், சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தினர் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டு கார்களும் ஓடின. அவற்றைக் கண்டு வந்த பின்னரே நம் தந்தையாருக்கு அக்காரின் மீது ஆசை பிறந்தது.

வெளிநாட்டு வடிவமெனினும் அக்கார் நம் மண்ணில் பிறந்தது. தாம்பரத்தைக் கடந்து பெருங்களத்தூர், வண்டலூர் என்று தெற்கே வரும் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 இல் அங்கு ஹெரால்டு வெளிவரத் தொடங்கிற்று. ஆண்டுதோறும் வெளிநாட்டு உறுப்புகள் குறைந்தன. உள்நாட்டு உறுப்புகள் பெருகின. பின்னர் இந்தியக் குடும்பங்களுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு வந்தது. 1972 இல் கெஜல் வந்தது. 1985 இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் வந்தது. அதன் உடல் புதிய ரோவரின் உடல். எஞ்சினோ பழைய வேன்கார்டின் எஞ்சின். 1983 இறுதியில் மாருதி வந்து மக்களின் விருப்பத்தையே மாற்றிவிட்டிருந்த வேளை அது. அப்பெரிய கார் நிலைக்கவில்லை. 1988 அளவில் உற்பத்தியும் நின்றது. தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. செய்தவன் மறைந்த பின்னும் செய்யப்பட்ட பொருள் ஓடிக்கொண்டிருப்பது உலக இயல்பு. ஆனால் உறுப்பு ஒன்று உடைந்தால் கேட்பதற்கு வாசல் இல்லை என்பதும் அதன் மறுபக்கம்.

தந்தையார் இக்காரைச் சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய காராகவே 1974 இல் வாங்கினார். சிங்கப்பெருமாள் கோவிலில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவருக்கு லாரி பயன்பட்டிருக்கும். இரண்டு கதவுக் கார் எதற்கு என்று உறவினர் கேட்டனராம். ஆசைக்கு வாங்கியது என்பதை அவர் மறைத்ததில்லை. எனினும் ஆசைக்கு வாங்கிய பொருளை அவர் ஆசைக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. அந்நாளில் நம் தெருவில் வேறு கார் கிடையாது. நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்களை அவர் செங்கற்பட்டு மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றிருக்கிறார். ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களைச் சென்னை வரை கொண்டுவிட்டிருக்கிறார். நரசிம்மர் குன்றின் அடிவாரத்தில் பூக்கட்டும் மூதாட்டி கால் முறிந்து விழுந்தபோதும், முதலில் வந்து நின்றது இந்தக் கார்தான். முன்னிருக்கையை மடித்து, நோயாளியைக் குனிய வைத்துப் பின்னால் ஏற்றுவது எளிதன்று. ஆயினும் எவரும் குறை சொன்னதில்லை. வண்டி வந்ததே பெரிது என்றிருந்த காலம் அது.

இவ்வளவும் நினைவு. இனி வண்டியின் இன்றைய நிலையைச் சொல்ல வேண்டும்.

ஹெரால்டின் முன்சக்கரங்கள் திரும்புவதற்கு ஆதாரமாக, திருகு வெட்டிய சிறிய வெண்கலத் துண்டு ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக அடியில் இருக்கிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது; கெட்டியான கியர் எண்ணெயே விட வேண்டும். விடத் தவறினால் நீர் புகும், துருப் பிடிக்கும், ஒருநாள் முறியும், சக்கரம் மடிந்துவிடும். தந்தையார் மாதம் தவறாமல் தம் கையாலேயே எண்ணெய் விட்டு வந்தார். அவர் படுக்கையில் விழுந்த நான்கு ஆண்டுகளில் அது நின்றது. அடிச்சட்டத்தின் பக்கக் கைகளில் துரு ஏறியிருக்கிறது. பின்சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு வில் தளர்ந்து, வண்டி ஒருபுறம் சாய்ந்து நிற்கிறது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கு. இருக்கை வார் இல்லை.

எரிபொருளும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோலுக்கென வார்க்கப்பெற்ற எஞ்சின் இது. அந்த ஈயம் வால்வுகள் அமரும் இடத்தைத் தேயாமல் காத்து வந்தது. 2000 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. மக்களின் மூச்சுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது பெருநன்மை. பழைய வால்வுகளுக்குத்தான் கேடு. அடுத்து வந்தது எத்தனால். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் என்னும் இலக்கை நாடு 2025 இல் எட்டிற்று. பழைய காரின் ரப்பர்க் குழாய்களையும் வட்டுகளையும் எத்தனால் ஊறவைத்து அரித்துவிடும். அது நீரையும் ஈர்க்கும். ஓடாமல் நிற்கும் வண்டியின் டாங்கில் துரு வளர்க்கும். குழாய்களை மாற்றலாம், வால்வு அமரும் இடத்தில் கடின வளையம் பதிக்கலாம், கார்புரேட்டரைத் திருத்தலாம். எல்லாம் இயலும். புதுப்பேட்டையில் தேடினால் சில உறுப்புகள் அகப்படும். அகப்படாதவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். ஆனால் நாம் அழைத்து வந்து காட்டிய மெக்கானிக் சொன்ன மதிப்பு, ஓடக்கூடிய பழைய சிறு கார் ஒன்றின் விலையை எட்டிவிட்டது.

சட்டம் காட்டும் வழிகளையும் ஆராய்ந்தோம். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு முதலில் பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு அப்புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது முதல் வழி.

இரண்டாவது வழி, 2021 ஜூலையில் மைய அரசு வகுத்த விதிகளின்படி தொன்மை வாகனமாகப் பதிவு செய்வது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் மாற்றப்படாமல் இருப்பவை இத்தகுதியைப் பெறும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்தாண்டுகளுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண்பலகையில் வி.ஏ. என்ற தனி எழுத்துகள் உண்டு. நம் காருக்கு அந்த மரியாதை கிட்டும். ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு விலை இருக்கிறது. அவ்வாறு பதிவான வண்டி கண்காட்சிக்கும், தொன்மைக் கார்களின் அணிவகுப்புக்கும், ஆய்வுக்கும், எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் ஓடலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஆகாது. ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் செல்லவோ, நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கவோ அதை எடுத்தல் கூடாது.

மூன்றாவது வழி, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறுவது. அச்சான்றிதழைக் காட்டிப் புதிய கார் வாங்குவோருக்கு வரியில் சலுகை தர மாநிலங்களுக்கு மைய அரசு விதி வகுத்திருக்கிறது. நான்காவது வழி, தொன்மைக் கார் சேர்ப்போருக்கு விற்றுவிடுவது.

தாயாரின் இத்தா நாட்கள் முடிந்த பின், நாமும் தம்பியும் தங்கையும் அவரோடு அமர்ந்து இவற்றைப் பேசினோம். தம்பிக்கு வண்டியைப் பிரிய மனமில்லை. "அண்ணே, அத்தா கை பட்ட ஸ்டியரிங். இதைப் போய் இரும்புக் கடையில் போடுவதா?" என்றார். தங்கையோ, "எனக்குப் பங்கு ஒன்றும் வேண்டாம் அண்ணே, நீங்கள் இரண்டு பேரும் எப்படிச் செய்தாலும் சரி" என்றார். தாயார் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "வண்டி நிற்கட்டும் தம்பி, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் என் முழங்காலுக்கு அதில் ஏற முடியவில்லையே. மாதம் இரண்டு முறை செங்கற்பட்டுக்குப் போக வேண்டியிருக்கிறதே" என்றார்.

மூன்று பேரும் சொன்னவை மூன்று வகைச் செய்திகள் என்பதை எண்ணிப் பார்த்தபோது உணர்ந்தோம். தம்பி சொன்னது பாசம். தாயார் சொன்னது தேவை. தங்கை சொல்லாமல் விட்டது உரிமை.

புதியது எதுவாயினும் நல்லது என்று நாம் கருதுவதில்லை. நம் ஊரைச் சுற்றிலும் புதிய கார்கள் பிறந்த வண்ணமாகவே உள்ளன. பரனூரை ஒட்டிய மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் பூட்டப்படுகின்றன. ஒரகடத்தில் 2010 இல் ரெனோ நிசான் தொழிற்சாலை தொடங்கிற்று. மறைமலை நகரில் 1999 முதல் கார்களைச் செய்துவந்த போர்டு ஆலை, 2022 இல் கார் உற்பத்தியை நிறுத்திற்று. தொழிற்சாலைகளுக்கே முதுமையும் மறைவும் உண்டெனில், நேற்று வாங்கிய கார் நாளை பழையதாவதில் வியப்பென்ன? அண்டை வீட்டார் மாற்றினார் என்பதற்காக நாமும் மாற்றுவது வீண்விரயம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். செப்பனிடுதல் இழிவன்று, அது ஸுன்னத்தின் சாயல் உடையது.

ஆனால் செப்பனிடுவதற்கும் ஒரு வரையறை வேண்டும். அதை எங்கே காண்பது?

திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில், குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் இறைவன் படைத்ததன் நோக்கம் கூறப்படுகிறது. சவாரிக்கு என்பதும் அழகுக்கு என்பதும் ஆகிய இரண்டும் அங்கே சேர்ந்தே வருகின்றன. வாகனத்தில் அழகை நாடுவது குற்றமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் காரைத் துடைத்து நிறுத்தி, சற்றே விலகி நின்று நோக்கி மகிழ்ந்த நம் தந்தையார் மார்க்கத்துக்குப் புறம்பாக எதையும் செய்துவிடவில்லை. எனினும் சவாரி முதலிலும் அழகு அடுத்தும் வருவது சிந்திக்கத்தக்கது. சவாரி எஞ்சி அழகு போன வண்டி ஏழையின் வண்டி, அதில் குறையில்லை. அழகு எஞ்சிச் சவாரி போன வண்டி எத்தகையது? அது வாகனம் என்ற நிலையிலிருந்து நீங்கிக் காட்சிப் பொருளாகிவிடுகிறது. நம் நாட்டுச் சட்டமும் ஐம்பது ஆண்டுக் காருக்கு அதே தீர்ப்பைத்தான் எழுதியிருக்கிறது.

நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஒட்டகச் செய்தி ஈண்டு நினைவுக்கு வருகிறது. பயணம் ஒன்றில் அவர்களுடைய ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. அதை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அருகில் வந்து துஆச் செய்து அதை முடுக்கவே, அது விரைந்து நடந்தது. அதை விலைக்குக் கேட்டார்கள். மதீனா சேரும் வரை தாமே ஏறிச் செல்வதென்ற நிபந்தனையோடு ஜாபிர் விற்றார்கள். ஊர் சேர்ந்ததும் நாயகம் அவர்கள் விலையையும் நிறைவாக அளித்து, ஒட்டகத்தையும் அவருக்கே திரும்பக் கொடுத்துவிட்டார்கள். இச்செய்தியைப் பலரும் சொல்வர். இதே உரையாடலில் வரும் மற்றொன்றைச் சிலரே நினைவு கூர்வர். ஜாபிர் கன்னியை மணக்காமல் முன்பே மணமான ஒரு பெண்ணை மணந்தது ஏன் என்று நாயகம் வினவினார்கள். உஹதில் தந்தை ஷஹீதாகிவிட்டார். சிறிய சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பேணத் தக்கவர் வேண்டும் என்று அவர் விடை பகர்ந்தார். தந்தையை இழந்த மகன், களைத்த வாகனம், வீட்டில் சகோதரிகள்: பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்த வீட்டிலும் இதே மூன்றும் இருந்தன. வாகனத்துக்கு உரிய விலை பேசப்பட்டது. உடைமை எவருடையது என்பது தெளிவாக்கப்பட்டது. அன்பளிப்பு அதன் பின்னரே வந்தது. இந்த வரிசையே நமக்குப் பாடம்.

ஆகவே நாமும் விலையிலிருந்து தொடங்கினோம். இறந்தவரின் அடக்கச் செலவு, கடன், மரண சாசனம் ஆகியன போக எஞ்சியதெல்லாம் வாரிசுகளுக்குரியது. பிள்ளைகள் இருப்பதால் தாயாருக்கு எட்டில் ஒன்று. மீதத்தில் ஆண்மக்கள் இருவருக்கும் இவ்விரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. காரை நாற்பது கூறுகளாக்கினால் தாயாருக்கு ஐந்து, நம் இருவருக்கும் தலைக்குப் பதினான்கு, தங்கைக்கு ஏழு. கை பட்ட ஸ்டியரிங்கைக் கூறு போட இயலாது. அதன் மதிப்பைக் கூறு போடலாம். தொன்மைக் கார்களை அறிந்த இருவரிடம் தனித்தனியே மதிப்புக் கேட்டோம். துருவையும் முறிவையும் மறைக்காமல் காட்டினோம்.

தங்கை வேண்டாம் என்று சொன்னதை நாம் அப்படியே ஏற்கவில்லை. நம் சமுதாயத்தில் பெண்மக்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்வது பெரும்பாலும் நாணத்தால். அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தால். தொகை இன்னது என்று அறியாமல், அது கைக்கு வராமல் விட்டுக்கொடுத்தது மனமொப்பிய விட்டுக்கொடுத்தல் ஆகுமா? பெற்றுக்கொண்ட பின் அவர் எதைச் செய்தாலும் அது அவருடைய விருப்பம்.

முடிவு இவ்வாறு அமைந்தது. ஹெரால்டைத் தம்பி வைத்துக்கொள்கிறார். மதிப்பிட்ட விலையில் தாயாருக்கும் தங்கைக்கும் நமக்கும் உரிய பங்குகளை அவர் பணமாகக் கொடுத்துவிட்டார். தொன்மை வாகனமாகப் பதிவு செய்வதும், வெண்கலத் துண்டுக்கு எண்ணெய் விடுவதும் இனி அவர் பொறுப்பு. அழகு வேண்டியவர் அழகுக்கு உரிய விலையைத் தம் கையிலிருந்து செலுத்தினார். ஆகவே அந்த அழகு இனி அவருக்கு முழுமையாக ஹலால். எவருடைய பெருமூச்சும் அதில் கலந்திருக்காது. நம் பங்காக வந்த தொகையோடு மேலும் சேர்த்து, நான்கு கதவும் உயர்ந்த இருக்கையும் உடைய, மூன்றாண்டு ஓடிய சாதாரணக் கார் ஒன்றை நாம் வாங்கினோம். அதைப் பார்த்து எவரும் திரும்பி நோக்குவதில்லை. தாயார் பிறர் கை பற்றாமல் அதில் ஏறி அமர்கிறார்.

அக்காரின் சாவி, தந்தையாரின் வழக்கம் போலவே, கதவருகில் ஆணியில் தொங்குகிறது. நள்ளிரவில் தெருவில் எவர் வந்து கதவைத் தட்டினாலும் எடுப்பதற்கு அதுவே வசதி. ஆம்புலன்சு அழைத்தால் வரும் காலம்தான் இது. ஆயினும் தட்டுவோர் இன்னமும் இருக்கிறார்கள்.

மறைந்தவரின் பொருளைக் காத்தல் வேறு, அவருடைய நற்செயலைக் காத்தல் வேறு. இரண்டும் ஒன்றாக அமையும்போது பேறு. ஒன்றைத்தான் காக்க முடியும் என்னும் நிலை வருமாயின், எதை முதலில் காக்க வேண்டும் என்பதில் ஐயம் வேண்டுவதில்லை. வீட்டில் பழைய பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென மயங்கும் குடும்பத்தார் மூன்றே வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்வார்களாக: இது இன்னும் யாருக்குப் பயன்படுகிறது? இதில் யாருடைய பங்கு அடங்கியிருக்கிறது? இதன் அழகுக்கு விலை கொடுப்பவர் யார்? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்துவிட்டால், வைத்துக்கொள்வதும் மாற்றிக்கொள்வதும் இரண்டுமே நன்மையாக முடியும். நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் அனைவரின் பெற்றோருக்கும் மறுமைப் பயணத்தை எளிதாக்கி அருள்வானாக!